யாருக்கும் வேண்டாத ஈயம்

எங்கள் டயர் கடைக்கு வந்து, மூலையில் இருந்த குப்பை டின்னைக் காட்டி, "இதுல கொஞ்சம் கையை விட்டுப் பார்க்கலாமோ?" என்று அனுமதி கேட்ட ஒரே ஆள் அவர்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் மடக்குக் குடை. வரி ஆபீசிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று பயந்து முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"எந்தா சாரே, என்ன வேணும்?"

"சக்கரத்துலேர்ந்து கழட்டிப் போடறேளே, அந்த ஈயத் துண்டு."

கார் சக்கரம் ஆடாமல் சுற்ற வேண்டும் என்றால் அதன் விளிம்பில் விரல்நுனி அளவு ஈயத் துண்டுகளை அடித்து மாட்டுவார்கள். கடையில் அதற்கு வெயிட் என்று பெயர். புதியதை மாட்டும்போது பழையதைப் பிடுங்கி டின்னில் எறிவார்கள். டின் நிறைந்தால் குப்பைக்காரர் எடுத்துப் போவார். அதைக் கேட்டு ஒருவர் குடையும் பேனாவுமாக வருவார் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

முதலாளி சிரித்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வந்தவர் உடனே குனியவில்லை.

"இது ஆருக்கும் வேண்டாததுதானே?"

"ஆர்க்கும் வேண்டா சாரே."

"பின்னே சரி" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு டின்னின் முன் குந்தி உட்கார்ந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் வந்தார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்டார். பதில் தெரிந்த பிறகும் கேட்டார். போன வாரம் யாருக்கும் வேண்டாமல் இருந்தது இந்த வாரம் யாருக்காவது வேண்டியிருக்கலாம் அல்லவா என்பது அவர் கணக்கு. கடைப் பையன்கள் அவருக்கு ஈயம் சார் என்று பெயர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

நான் அந்தக் கடையில் பில் போடுகிறவள். கழக்கூட்டத்தில் பைபாஸ் ஓரமாக, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே என் மேஜை. அன்றும் அங்கேதான் இருந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அவரைப் பார்த்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் சனிக்கிழமை வெயில் தாழ்ந்த நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே ஒரு வெள்ளைச் சட்டை போனால் என் கை பில் புத்தகத்தின் மேல் நின்றுவிடுகிறது.

அவர் கிழக்கேகோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் கடைக்குப் பின்னால் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்று உண்டு. அதன் வரவு செலவைப் பார்க்கச் சனிக்கிழமைகளில் வருவார். பார்த்து முடித்துத் திரும்பும் வழியில் எங்கள் கடை. வீடு கோயில் பக்கத்து அக்ரஹாரத்தில். அக்காவும் அவரும் மட்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்தது இல்லை. முதலாளி ஒரு நாள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, அவர் டின்னைக் கிளறிக்கொண்டே ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையாகப் பதில் சொன்னதிலிருந்து நான் சேர்த்துக்கொண்டது.

ஈயத்தை என்ன செய்கிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் புதிராக இருந்தது. மீன் பிடிக்கிறாரா என்றால் இல்லை. விற்கிறாரா என்றால் காதைப் பொத்திக்கொள்வார். ஒரு நாள் நான் பில் எழுதிக்கொண்டிருந்தபோது மேஜை மேல் ஒரு தீப்பெட்டியை வைத்து மெதுவாக என் பக்கம் தள்ளினார். திறந்தேன். உள்ளே பஞ்சின் மேல் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. கட்டை விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரியது. சாம்பல் நிறம். ஒரு காதை மட்டும் தூக்கி வைத்திருந்தது. உடம்பு முழுவதும், அலை வந்து போன மணலில் இருக்குமே, அப்படி மெல்லிய வரிகள்.

"கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுல பெஞ்சுக்கு அடியில படுத்திண்டிருக்கும். பார்த்திருப்பேள்" என்றார்.

பார்த்திருந்தேன். தினமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் கழக்கூட்டம் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன்.

"இந்த வரி எப்படி சார் வந்துது?"

"அது நான் போட்டதில்லை. கணவாய் ஓட்டுல தானா இருக்கறது."

கணவாய் மீனின் முதுகில் இருக்கும் வெள்ளை ஓடு சங்குமுகம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பொறுக்கி வருவாராம். அதை இரண்டாகப் பிளந்து, முகத்தோடு முகம் வைத்துத் தேய்த்துச் சமமாக்கி, பிளேடால் உருவத்தைக் குடைந்து, கம்பியால் கட்டி, மேலே ஒரு துளை வழியாக உருகிய ஈயத்தை ஊற்றுவார். சூட்டில் ஓடு கருகிப்போகும். ஆகவே ஒரு ஓட்டில் ஒரு பொம்மைதான். அதே போல இன்னொன்று வராது.

"அக்ரஹாரத்துல கணவாய் ஓடா? வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் பெரிய கேள்வி அதுதான்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சாலைக் கடைத்தெருவுல மருந்துக் கடைக்காரா இதைக் கடல்நுரைன்னுதான் சொல்லுவா. அக்காகிட்டயும் அப்படியே சொல்லி வெச்சிருக்கேன். கடல்ல நுரை காஞ்சு கட்டியாறதுன்னு அவ நம்பிண்டிருக்கா. வாடை வந்தா மட்டும், 'ஏண்டா, நுரைக்கு இவ்வளவு நாத்தமா'ம்பா."

நான் சிரித்துவிட்டேன். அவர் தீப்பெட்டியை வாங்கி மூடிவிட்டு, "ஈயத்தைத் தொட்டிருக்கேள். கையைக் கழுவிடுங்கோ" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன சோப்பு டப்பாவை எடுத்து நீட்டினார். அந்த விஷயத்தில் கெடுபிடிக்காரர். ஈயம் பொறுக்கிய கையோடு சாயா கிளாசைத் தொட மாட்டார். வெளியே குழாயடியில் நின்று முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். அதற்குள் சாயா ஆறிப்போகும். ஆறியதையே குடிப்பார்.

மிச்சம் இருப்பது, ஆறிப்போனது, ஓரத்தில் கிடப்பது. அவர் கை அதற்குத்தான் போகும். தட்டில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வந்தால் எல்லோரும் எடுக்கும் வரை காத்திருப்பார். கடைசியாகக் கிடக்கும் கருகிய நுனியை எடுத்துக்கொள்வார். பஸ்ஸில் மழை ஒழுகும் ஜன்னலோரம் காலியாக இருந்தால் அங்கே உட்கார்ந்து உள்ளேயே குடையை விரித்துக்கொள்வார். அதை நானே பார்த்திருக்கிறேன். ஓணத்துக்கு முதலாளி எல்லோருக்கும் நேந்திரங்காய் உப்பேரிப் பொட்டலம் கொடுத்தார். அவருக்கும் ஒன்றை நீட்டினார்.

"எல்லாருக்கும் குடுத்தது போக மிச்சமோ?"

"மிச்சம் தன்னே சாரே. பிடி."

"நிஜமாவே மிச்சம்தானே?"

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "சாரே, இது நீங்க வாங்கலேன்னா நான் இதை ரோட்டுல எறிவேன், கேட்டோ!" என்றார். அதன் பிறகுதான் வாங்கினார். வாங்கியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நாளாக நாளாக நான் அவருக்காகத் துண்டுகளைத் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தேன். புதுக் கார்களில் இரும்பிலும் துத்தநாகத்திலும் வெயிட் வரத் தொடங்கியிருந்தது. துத்தநாகம் ஒரு துண்டு கலந்தாலும் உருகிய ஈயம் கஞ்சி மாதிரி ஆகிவிடும், எல்லாமே பாழ் என்று அவர் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு துண்டையும் நகத்தால் கீறிப் பார்ப்பார். கீறல் விழுந்தால் ஈயம். நானும் கீறிப் பார்த்துப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மேஜைக்கு அடியில் வைத்தேன். முதலில் நான் கொடுத்ததையும் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தார். பிறகு ஒரு சனிக்கிழமை டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே பைக்குள் கவிழ்த்துக்கொண்டார். பையன்கள் கொடுத்ததைக் கீறினார். என்னுடையதைக் கீறவில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. காலும் வலிக்கவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எங்களுக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் வேலை பார்த்தார். நான் பத்தாவது வரை படித்தேன். அப்பா இருந்தபோது எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர் போன பிறகு பார்க்கிறவர்கள் இல்லை. கரமனையில் தம்பி வீட்டில் இருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை அவர் வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். வீல் பேலன்சிங் பார்க்கும் ஷாஜி என் மேஜையில் சாய்ந்துகொண்டு சத்தமாகச் சொன்னான்.

"அக்கா, நம்ம ஈயம் சாருக்கு ஆர்க்கும் வேண்டாததுதான் பிடிக்கும். நோக்கிக்கோ, ஒரு நாள் அக்காவையும் பொறுக்கி சஞ்சியில போட்டுட்டுப் போவாரு!"

பையன்கள் சிரித்தார்கள். முதலாளி, "போடா, வேலையைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். ஷாஜி கெட்டவன் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் அவன்தான் ஆட்டோ பிடித்து வருவான். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இந்த மனுஷன் என் மேஜை பக்கம் வந்து நிற்பது அதனால்தானா? தட்டில் கடைசியாகக் கிடப்பதை எடுக்கிற மாதிரியா? அன்று அவர் கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது டப்பாவைப் பேசாமல் எடுத்து வைத்துவிட்டுக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ஈயத்தின் விலை ஏறியது. பழைய பேட்டரிக்கும் ஈயத்துக்கும் ஆள் தேடி வந்தார்கள். பழைய இரும்பு எடுக்கும் ஆக்ரிக்கடைக்காரர் தராசோடு எங்கள் வாசலில் நின்று, "வெயிட் இருக்கா, வெயிட் இருக்கா" என்று கேட்டார். முன்பு திரும்பியும் பார்க்காத டின்னை முதலாளி தூக்கித் தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை அவர் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். முதலாளிக்கும் சங்கடம்தான்.

"சாரே, இப்ப இதுக்கு நல்ல விலை உண்டு. சாருக்கு நான் குறைச்சுத் தரேன். ஆக்ரிக்காரனுக்குக் குடுக்கறதை விடக் குறைச்சு. மதியோ?"

"வேண்டாம், வேண்டாம். அப்போ இது வேணும்ங்கறவா இருக்கா."

"ஐயோ, அதுக்கென்ன? சாருக்கும் வேணும்தானே?"

அவர் அதைக் கேட்டுக் குழம்பிப்போய் நின்றார். தனக்கு வேண்டும் என்பது ஒரு காரணம் ஆகும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை போல. "இல்லை, பரவாயில்லை, பின்னே சரி" என்று குடையை எடுத்துக்கொண்டார். என் டப்பா மேஜைக்கு அடியில் நிறைந்து கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அதுவும் இப்போது முதலாளியுடையது.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் ஹாஸ்டலுக்கு வந்தார். கடைக்குள் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நடந்து போவார். என் மேஜைக்கு நேராக வரும்போது குடையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுவார். நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான். உள்ளே வருவதற்கு அவருக்கு ஈயத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. கூப்பிடுவதற்கு எனக்கும் இல்லை.

நான் ஈயம் தேட ஆரம்பித்தேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவள் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டேன். பக்கத்து வீட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்தார்கள். ஆணிக்கு அடியில் ஈய வாஷர் இருக்கும் என்று ஷாஜி சொல்லியிருந்தான். போய்க் கேட்டால், பிரிக்கிற ஆள், "அதெல்லாம் எங்க கூலில சேர்ந்தது, சேச்சி" என்றான். ரோட்டைத் தோண்டி, ஈய உறை போட்ட பழைய கேபிளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. சாலைக் கடைத்தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்து விலை கேட்டேன். என்னால் வாங்க முடியாத விலை இல்லை. வாங்கி, குப்பை என்று சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்பாரே. என் முகத்தைப் பார்த்து, "ஆருக்கும் வேண்டாததுதானே?" என்று கேட்பாரே. அந்தக் கேள்விக்கு என்னால் பொய் சொல்ல முடியாது.

கடைசியில் வழி வீட்டிலேயே கிடைத்தது. தம்பி தன் கூட்டாளிகளோடு கல்லாற்றில் தூண்டில் போடப் போவான். திரும்பி வந்தால் மீன் இருக்காது, புலம்பல் இருக்கும். "குண்டெல்லாம் பாறையில மாட்டிப் போச்சுக்கா. அறுத்து விட்டுட்டு வந்தோம். ஆத்துக்குள்ள நம்ம ஈயமே ஒரு மூட்டை கெடக்கும்." பல நாள் கேட்ட புலம்பல்தான். அன்று சோற்றில் கை வைத்தபடியே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னக்கா?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் கிழக்கேகோட்டையில் இறங்கியதும் வீட்டு பஸ்ஸைப் பிடிக்கவில்லை. அவர் ஆபீஸ் விட்டு வரும் வழியில் நின்றேன். கூட்டத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் ஓடிவிடலாம் போல இருந்தது. எப்படியோ எதிரில் போய் நின்றேன்.

"சார், கல்லாத்துல ஈயம் கெடக்கு."

"எங்கே?"

"ஆத்துக்குள்ள. தூண்டில் போடுறவங்க அறுத்து விட்டுட்டுப் போனது. இப்ப தண்ணி கொறவு. பாறை இடுக்குல எல்லாம் கெடக்குமாம்."

"அதை எடுக்க அவா திரும்பி வர மாட்டாளோ?"

"மாட்டாங்க சார். என் தம்பியே அதுல ஒரு ஆள். அது யாருக்கும் வேண்டாம்."

அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. "எனக்கு இடம் தெரியாதே" என்றார். கொஞ்சம் நின்று, "நீங்க வருவேளோ?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். பொன்முடி பஸ். நெடுமங்காடு தாண்டியதும் காற்று மாறியது. அவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சின்ன வயதில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தாராம்.

"எல்லாரும் எடுத்தப்பறம் மிச்சம் இருக்கறது எனக்கு. கஷ்டம் ஒண்ணும் இல்லை, கேட்டேளா. மிச்சம் எப்பவும் இருக்கும். சண்டையே வராது."

"கல்யாணம்?" என்று கேட்டேன். பஸ் சத்தத்தில்தான் அதைக் கேட்க முடிந்தது.

"ஒரு இடம் பார்த்தா. நல்ல பெண். எனக்கும் பிடிச்சிருந்தது. பின்னே, அவளை இன்னொரு ஆத்துலயும் கேட்டிருக்கான்னு தெரிஞ்சுது. நான் மாறிண்டுட்டேன்." ஏதோ சீட்டை விட்டுக் கொடுத்த மாதிரி சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லாற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். பாறை இடுக்குகளில் பாசி பிடித்த தூண்டில் நரம்பு தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் நுனியில் ஒரு குண்டு வரும். முதல் குண்டு என் கைக்குத்தான் கிடைத்தது. "சார்!" என்று கத்தினேன். கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை.

மத்தியானம் வரை பொறுக்கினோம். அவர் பை கனத்தது. சோப்பை எடுத்து, ஆற்றுத் தண்ணீரில் இருவரும் கையைக் கழுவினோம். கரையில் ஒரு சின்னக் கடையில் சாயா வாங்கி, பாறை மேல் உட்கார்ந்தோம். அன்று அவர் அதைச் சூடாகவே குடித்தார். எனக்கு மேல் அந்த மலை முழுவதும் சும்மா நின்றுகொண்டிருந்தது. பேசாமல் இருந்தாலும் ஒன்றும் குறையாத மாதிரி இருந்தது.

கிளாசைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"நீங்க ஒரு நாள் இல்லேன்னா உங்காத்துல தேடுவாளோ?"

இப்போது யோசித்தால், அதைக் கேட்பதற்காக அவர் எத்தனை சனிக்கிழமை நடந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அன்று எனக்கு வேறு ஒன்றுதான் கேட்டது. ஷாஜி சிரிப்பதும் பையன்கள் சிரிப்பதும் கேட்டது. பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ள நான் டின்னில் கிடக்கவில்லை என்று காட்ட வேண்டும் போல இருந்தது.

"தேடாம என்ன சார்? நான் இல்லேன்னா அங்க அடுப்பே எரியாது. தம்பி, அவன் பொண்டாட்டி, பிள்ளைங்க, எல்லாருக்கும் நான்தான் வேணும். ஒரு நாள்கூட விட மாட்டாங்க."

அன்று வீட்டில் சோறு வடித்தது தம்பி மனைவிதான். நான் இல்லாததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அவர் தலையை ஆட்டினார். வருத்தமாகக்கூட இல்லை. நல்ல செய்தி கேட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அது பெரிய பாக்கியம்" என்றார். பிறகு எழுந்து, "நேரமாயிடும். அவா காத்திண்டிருப்பா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் கடைசி வரை நின்றுகொண்டே வந்தார். நெடுமங்காடு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் விலகிக்கொண்ட மனுஷனிடம் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்? நிமிர்ந்து பார்த்தேன். நடுவில் அத்தனை தோள்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கேகோட்டையில் இறங்கியபோதாவது சொல்லியிருக்கலாம். "வரேன் சார்" என்றுதான் வாயில் வந்தது.

அடுத்த சனிக்கிழமை கண்ணாடிக்கு வெளியே குடையை உயர்த்தினார். அதற்கு அடுத்த வாரமும் உயர்த்தினார். உள்ளே கூப்பிடலாம் என்று நான் எழுவதற்குள், ஒவ்வொரு முறையும், யாராவது பில்லுக்கு வந்து நிற்பார்கள். பிறகு ஹாஸ்டலுக்கு வேறு ஒரு பையன் கணக்குப் பார்க்க வந்தான். விசாரித்தால், "சார் மாறிப்போயி" என்றான்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்ரஹாரத்துக்குப் போனேன். வீட்டு நம்பர் தெரியாது. ஈயம் உருக்குகிறவர் வீடு என்று கேட்டதும் ஒரு பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு கையைக் காட்டினாள். அக்கா கதவைத் திறந்தார். அவரைப் போலவே மெலிந்த முகம்.

"ஆரு வேணும்?"

"சார் இருக்காங்களா? நான் கழக்கூட்டத்துல டயர் கடையில..."

"பில் போடறவாளா? உள்ளே வாங்கோ, மழையில நிக்காதீங்கோ. அவன் கோயம்புத்தூர்ல இருக்கான். அங்கே ஆபீஸ் ஒண்ணு திறந்தா. போறதுக்கு ஒருத்தரும் சம்மதிக்கலை. இவன், 'ஆருக்கும் வேண்டாம்னா நான் போறேன்'னு கிளம்பிட்டான். இங்கே நான் ஒண்டியா உட்கார்ந்திண்டிருக்கேன்."

நான் வாசற்படியிலேயே நின்றேன். அந்த அம்மாள் என்னை நன்றாகப் பார்த்தார்.

"உங்களைப் பத்திச் சொல்லியிருக்கான். அதிகமா ஒருத்தரைப் பத்தியும் பேச மாட்டான். 'அவா இல்லேன்னா அந்த ஆத்துல அடுப்பே எரியாதாம் அக்கா. எல்லாருக்கும் அவாதான் வேணுமாம். கொடுத்து வெச்ச குடும்பம்'னு சொன்னான்."

என் வாயிலிருந்து போனது அப்படியே திரும்பி வந்தது. நான் குடையின் நுனியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன்ல பேசறச்சே ஏதானும் சொல்லணுமோ?" என்றார்.

சும்மாதான் வந்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன். என் வழக்கத்துக்கு அதுதான் வந்திருக்க வேண்டும்.

"சொல்லுங்க... ஞாயித்துக்கெழம எனக்கு ஒரு வேலையும் கெடையாதுன்னு சொல்லுங்க. நான் எங்க போனாலும் வீட்ல யாரும் தேட மாட்டாங்கன்னு சொல்லுங்க."

அந்த அம்மாள் கதவைப் பிடித்தபடி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதை மட்டும் சொன்னா அவனுக்குப் புரியுமோ?"

"புரியும்" என்றேன்.